அலையே இழுத்துக்கொண்டு போகும் கப்பல் – தெரியுமா?

எஞ்சின் இல்லை. பாய் விரிக்கவில்லை. துடுப்புப் போட ஆளும் இல்லை. ஆனாலும் எதிரே வரும் அலையிடமிருந்தே பலத்தைப் பிடுங்கிக்கொண்டு, அந்த அலை வந்த திசையைப் பார்த்தே ஒரு படகு போகும் – தெரியுமா? அலையோடு அலையாக வந்து கரையில் ஒதுங்க ஒரு தென்னை மட்டையாலும் முடியும். அதில் என்ன அதிசயம்! எதிர்த்துப் போவதுதான் வேடிக்கை. விஞ்ஞானக் கதையில் வருகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 125 வருஷத்துக்கு முன்னாலேயே இத்தாலியில் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு பெரியவர் இந்த வித்தையை வைத்துக்கொண்டு பசிபிக்கில் 7,000 கிலோமீட்டர் போயிருக்கிறார். ஆளே இல்லாத ஒரு மிதவை அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் ஒரு செத்த மீனும் இந்தக் கதையில் வருகிறது!

முதலில் அந்தப் பெரியவர்.

கெனிச்சி ஹோரியே, ஜப்பான்காரர். 2008 மார்ச் 16 அன்று ஹவாயின் ஹொனலூலுவிலிருந்து ‘சன்டோரி மெர்மெய்ட் 2’ என்ற படகில் தன்னந்தனியாகக் கிளம்பியபோது அவருக்கு வயது 69. படகு 9.5 மீட்டர் நீளம், 3 டன் எடை. இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்த அமைப்பு. பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்தது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு எஞ்சினும் பாயும் வைத்திருந்தார்கள். ஆனால் பயணத்துக்கு என்று வைத்திருந்த ஒரே சரக்கு, படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், தண்ணீருக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்த இரண்டு தட்டையான இறக்கைகள்தான்!

அலை வந்து அணியத்தைத் தூக்குகிறது. ஸ்பிரிங்கில் பிடித்து வைத்த இறக்கை அதற்கேற்பச் சாய்ந்து, தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அலை கடந்து போகிறது, அணியம் தணிகிறது. இறக்கை இப்போது மறுபக்கம் சாய்ந்து, மறுபடியும் தண்ணீரைப் பின்னால்தான் தள்ளுகிறது. ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம். அலை முன்னாலிருந்து வந்தாலும் சரி, பின்னாலிருந்து வந்தாலும் சரி, படகு போவது முன்னால்தான். இதை வடிவமைத்தவர் தோக்காய் பல்கலைக்கழகத்துப் பொறியாளர் யுதாகா டெராவோ. ஜப்பான் பொறியாளர்கள் 1980களிலிருந்தே இந்த முறைக்கு வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? ‘அலையைத் தின்னும் உந்துமுறை’! இறக்கை அலையின் சக்தியை எடுத்துக்கொண்ட பிறகு பின்னால் போகும் அலை கொஞ்சம் சிறுத்துவிடுகிறது. ஆகவே பெயர் வெறும் அலங்காரமல்ல.

ஹோரியே ஜூலை 4 அன்று ஜப்பானின் கீ நீரிணைக்கு வந்து சேர்ந்தார். 110 நாள், 7,000 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 3 கிலோமீட்டர்கூடத் தேறாது. சாதாரணமாக நடந்து போகிற ஆள் அவரை முந்திவிடலாம். நினைத்ததைவிட நாள் கூடிப்போனதற்கு ஒரு காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கடல் ரொம்ப அமைதியாக இருந்ததாம்! அமைதியான கடலுக்காக வேண்டிக்கொள்ளாத மாலுமி உண்டா? இவர் ஒருவர்தான் ‘அலை வரட்டும், அலை வரட்டும்’ என்று உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த மனிதரைப் பற்றி இன்னும் நாலு வரி சொல்லாமல் நகர மனசு வரவில்லை. 1962இல் 23 வயதுப் பையனாக, 5.8 மீட்டர் ஒட்டுப்பலகைப் பாய்மரப் படகில், பாஸ்போர்ட்கூட இல்லாமல் ஜப்பானிலிருந்து நழுவி, 94 நாளில் சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கியவர். எங்கும் நிற்காமல் ஒற்றை ஆளாகப் பசிபிக்கைக் கடந்த முதல் மனிதர்! சட்டவிரோதமாக வந்தவரை அமெரிக்கா திருப்பி அனுப்பவில்லை. அந்த நகரத்து மேயர் மரியாதை செய்தார். அந்தக் குட்டிப் படகு இன்றும் சான் பிரான்சிஸ்கோ கடல்சார் அருங்காட்சியகத்தின் சொத்து. அப்புறம் சூரியசக்திப் படகில் போனார். சைக்கிள் மாதிரி பெடல் மிதித்து ஹவாயிலிருந்து ஒக்கினாவா போனார். காலி பீர் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிய படகில் போனார். பாயின் துணிகூட பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து நெய்தது! 2022இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மறுபடியும் தனியாகப் பாய்மரத்தில் கிளம்பி ஜப்பான் வந்து சேர்ந்தபோது வயது 83. பசிபிக்கை நிற்காமல் தனியே கடந்தவர்களில் உலகத்திலேயே மூத்தவர் என்ற பெயரும் வந்துவிட்டது.

ஒரு மீட்டர் அலைக்குள் 50 குதிரை!

அலைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? ஆழ்கடலில் 2 மீட்டர் உயரத்தில், 10 விநாடிக்கு ஒன்றாக அலைகள் உருண்டு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புயலெல்லாம் இல்லை, சாதாரணக் கடல்தான். அந்த அலையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் சுமார் 39 கிலோவாட் சக்தி ஓடிக்கொண்டிருக்கிறது. குதிரைத்திறனில் சொன்னால் 50க்கும் மேல்! நம் கரையோர ஃபைபர் படகுகளின் பின்னால் தொங்கும் எஞ்சின்கள் பலவும் 10 குதிரைத்திறன் பக்கம்தான். அப்படிப்பட்ட ஐந்து எஞ்சினின் பலம் ஒரு மீட்டர் அலைக்குள் சும்மா போய்க்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து முட்டுவதற்குத்தான் நாம் டீசலை எரித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு விசித்திரம். அந்த 10 விநாடி அலை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் தண்ணீர் ஓடுவதில்லை! அலையின் உருவம்தான் ஓடுகிறது. தண்ணீர் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. மேலே ஏறி, முன்னால் வந்து, கீழே இறங்கி, பின்னால் போய், கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆழம் போகப் போக இந்த வட்டம் சின்னதாகிக்கொண்டே போகும். அலையின் நீளத்தில் பாதி ஆழத்துக்குப் போய்விட்டால், மேலே இருந்த ஆட்டத்தில் நூற்றுக்கு நாலு பங்குதான் மிச்சம். மேலே கொந்தளிப்பு, கீழே நிதானம். இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரப்போகிற ஒரு கில்லாடிக் கருவி இதை வைத்துத்தான் பிழைக்கிறது.

காற்று இருக்கிறதே, பாய் விரித்துப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். காற்று நின்றால் பாய்க்கப்பல் நின்றுவிடும். அலை நிற்காது! கடலியல் மேதை வால்டர் மங்க் தன் குழுவோடு நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகளை வைத்து 1963இல் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார். தென் துருவத்துப் பக்கம் அடித்த புயலின் அலைகள் பூமத்திய ரேகையைத் தாண்டி, 10,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, அலாஸ்காக் கரையில் வந்து தட்டுவதைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு தூரமும் ஓடிவந்து பலம் தீராத அலை! கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று கடல் ஏறி வீட்டு வாசலுக்கு வரும் ‘கள்ளக்கடல்’ என்பதும் இதே வகைதான். எங்கோ தென்கோடி இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை நாள்கணக்கில் நடந்து நம் ஊருக்கு வந்து சேருகிறது.

சும்மா நிற்கும் இறக்கை முன்னால் போகுமா?

ஒரு கடுதாசியைப் படுக்கைவாட்டில் பிடித்துக் கைவிட்டுப் பாருங்கள். நேராகக் கீழே விழாது. சற்றே சாய்ந்து ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். விழுகிற வேகத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டு வேகமாக மாற்றிக்கொள்கிறது. அலைப்படகின் இறக்கை செய்வதும் அதேதான். ஒரே ஒரு சாமர்த்தியம் கூடுதல்: மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒரே திசைக்கு வழுக்குமாறு இறக்கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

இதை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர்கள் கப்பல்காரர்கள் அல்ல, விமானக்காரர்கள்! 1909இல் ரிச்சர்ட் நோலர், 1912இல் ஆல்பர்ட் பெட்ஸ் – இருவரும் தனித்தனியாக, மேலும் கீழும் அசையும் இறக்கை முன்னோக்கித் தள்ளுவிசை கொடுக்கும் என்று எழுதினார்கள். பறவை பறப்பதன் ரகசியம் அது. 1922இல் கட்ஸ்மையர் என்பவர் அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார். இறக்கையை அசையாமல் நிறுத்திவிட்டு, அதன் மேல் அடிக்கும் காற்றை மேலும் கீழும் அலைய விட்டார். இறக்கை காற்று வரும் திசையை நோக்கித் தள்ளப்பட்டது! இறக்கை அசைந்தால் என்ன, சுற்றியிருப்பது அசைந்தால் என்ன, இயற்கைக்கு இரண்டும் ஒன்றுதான். கடலில் சுற்றியிருப்பது எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. அசைக்கும் செலவு நமக்கில்லை.

ஆனால் கணக்கு வருவதற்கு முன்பே கைவேலைக்காரர் ஒருவர் இதைச் செய்துவிட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஹெர்மன் லிண்டன் என்பவர், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் இருக்கும் புகழ்பெற்ற கடல் உயிரியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். 1895இல் பிரிட்டிஷ் காப்புரிமை வாங்கினார். 1898 வாக்கில் ‘ஆட்டோநாட்’ என்ற 13 அடிப் படகை நேப்பிள்ஸ் கடலில் இறக்கினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தண்ணீருக்கடியில் வளைந்து கொடுக்கும் எஃகுத் தகடுகள். அவ்வளவுதான் எஞ்சின்! அலையை நேருக்கு நேராக எதிர்த்து மணிக்கு 3, 4 மைல் வேகத்தில் போயிற்று. அன்றைக்குப் பத்திரிகைகள் வியந்து எழுதின. பிறகு? நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கொட்டிக் கிடந்த காலம். யாருக்கு வேண்டும் அலை! படகை மறந்தே போனார்கள்.

செத்த மீன் நீந்துமா? நீந்தும்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு ஆய்வு. ஓடும் தண்ணீரில் ஒரு உருளையை நட்டார்கள். அதன் பின்னால் தண்ணீர் சுழித்துச் சுழித்து இடமும் வலமுமாக ஆடும் அல்லவா? அந்தச் சுழிப்பில் ஒரு டிரவுட் மீனை விட்டார்கள். உயிருள்ள மீன் அல்ல, செத்த மீன். சுழல் அதன் உடம்பை நெளித்தது. நெளிந்த உடம்பு வாலை ஆட்டியது. செத்த மீன் நீரோட்டத்தை எதிர்த்து முன்னேறி உருளையை நோக்கிப் போனது! மூளை இல்லை, தசை வேலை செய்யவில்லை, உயிரே இல்லை. உடம்பின் வடிவமும் வளைந்துகொடுக்கும் தன்மையும் மட்டும் போதுமாக இருந்தது. நான் படித்த மீன் ஆராய்ச்சிகளிலேயே இவ்வளவு பயமுறுத்தியது வேறொன்றில்லை.

உயிருள்ளவை சும்மா இருக்குமா? நீல் போஸ், ஜான் லியன் என்ற இருவர் 1990இல் துடுப்புத் திமிங்கிலத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள். நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்தபடியாக உலகத்தின் இரண்டாவது பெரிய பிராணி அது. அதன் வால் படுக்கைவாட்டில் இருப்பதால், அலையின் மேல்–கீழ் ஆட்டத்தைப் பிடிக்கத் தோதானது. எதிரலையில் நீந்தும்போது தனக்கு வேண்டிய உந்துசக்தியில் 25 சதவீதம் வரையிலும், பின்னலையில் 33 சதவீதம் வரையிலும் அது அலையிடமிருந்தே இலவசமாகப் பெற முடியும் என்பது அவர்கள் கண்ட விடை. லட்சக்கணக்கான வருஷமாக ஓசிப் பயணம்!

பாட்டுக் கேட்க ஆசைப்பட்டுப் பிறந்த கருவி

ஹவாயில் ஜோ ரிஸ்ஸி என்று ஒருவர். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் அங்கே வந்து பாடும். அந்தப் பாட்டை வீட்டிலிருந்தே கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தண்ணீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கினால் போதும். ஆனால் அதை ஆழ்கடலில் ஒரே இடத்தில் எப்படி நிறுத்துவது? நங்கூரம் பாய்ச்ச முடியாது. எஞ்சின் வைத்தால் எஞ்சின் சத்தம்தான் கேட்கும், பாட்டுக் கேட்காது! ரோஜர் ஹைன் என்ற ரோபோப் பொறியாளர் இதற்குக் கண்டுபிடித்த விடைதான் ‘வேவ் கிளைடர்’. 2007இல் லிக்விட் ரோபோடிக்ஸ் என்று நிறுவனமே தொடங்கிவிட்டார்கள்.

கருவியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மேலே சர்ஃபிங் பலகை மாதிரி ஒரு மிதவை. அதன் முதுகில் சூரியத் தகடுகள், ஆன்டெனா. மிதவையிலிருந்து சுமார் 7 மீட்டர் நீளக் கம்பிவடம் ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் இருபக்கமும் வரிசையாக இறக்கை வைத்த ஒரு சட்டம். மேலே அலை, கீழே நிதானம் என்றேனே, அது இங்கேதான் வேலை செய்கிறது. அலை மிதவையைத் தூக்கும்போது வடம் சட்டத்தை மேலே இழுக்கிறது. இறக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாய்ந்து சட்டம் முன்னோக்கி வழுக்குகிறது. மிதவை இறங்கும்போது வடம் தளர்கிறது. சட்டம் தன் எடையிலேயே அமிழ்கிறது. இறக்கைகள் மறுபுறம் சாய்ந்து சட்டம் மறுபடியும் முன்னோக்கி வழுக்குகிறது. கீழே போகிற சட்டம் மேலே இருக்கிற மிதவையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு சொட்டு எரிபொருள் கிடையாது. சூரியத் தகட்டின் மின்சாரம் கருவிகளுக்கும் சுக்கானுக்கும் செயற்கைக்கோள் தொடர்புக்கும் மட்டும்தான்.

2011 நவம்பர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இப்படி நாலு கருவிகளைப் பசிபிக்குக்குள் அனுப்பினார்கள். அதில் ஒன்றின் பெயர் ‘பாப்பா மௌ’. மைக்ரோனீசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மௌ பியாய்லுக் என்ற மாபெரும் வழிகாட்டியின் நினைவாக வைத்த பெயர். 1976இல் திசைகாட்டிகூட இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையின் ஆட்டத்தையும் மட்டும் பார்த்து ஹவாயிலிருந்து தஹிதி வரை பாய்க்கப்பலைக் கொண்டுபோன மனிதர் அவர். பெயர் வைத்தவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம்! ‘பாப்பா மௌ’ புயல்காற்றைத் தாங்கி, சுறாக்களிடம் தப்பி, கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி, 2012 நவம்பர் 20 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை அடைந்தது. 9,000 கடல்மைல், 16,600 கிலோமீட்டருக்கும் மேல். உலக சாதனை! ‘பெஞ்சமின்’ என்ற இன்னொன்று 2013 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது.

இந்த நிறுவனத்தில் மென்பொருள் தலைவராக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? ‘ஜாவா’ கணினி மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங்! 2012 அக்டோபரில் ‘சாண்டி’ சூறாவளி அமெரிக்காவின் நியூ ஜெர்சியைப் புரட்டிப்போட்டபோது, அந்தக் கரைக்கு வெளியே நடுக்கடலில் ஒரு வேவ் கிளைடர் நின்றுகொண்டு, 70 நாட் வேகக் காற்றில் ஆடிக்கொண்டே வானிலைக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மனிதனை ஏற்றிய கப்பல்கள் எல்லாம் துறைமுகம் தேடி ஓடும் நேரம் அது. இதற்கோ அலை பெரிதாக ஆக, கொண்டாட்டம். ஸ்டான்ஃபோர்டின் பார்பரா பிளாக் இதே கருவியை வைத்து, அடையாளக் கருவி பொருத்திய வெள்ளைச் சுறாக்கள் எங்கே திரிகின்றன என்று ஒட்டுக் கேட்டார். 2016இல் போயிங் நிறுவனம் லிக்விட் ரோபோடிக்ஸை வாங்கிக்கொண்டது. திமிங்கிலப் பாட்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? 2018இல் ‘யூரோப்பா’ என்ற வேவ் கிளைடர் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, யாரும் எதிர்பார்க்காத நட்ட நடுப் பசிபிக்கில் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்தது. ஆசைப்பட்டவருடைய அறக்கட்டளைதான் அதை அனுப்பியது!

இங்கிலாந்திலும் ஒரு நிறுவனம் ஆளில்லாத அலைப்படகு செய்து விற்கிறது. வடம் கிடம் எதுவும் இல்லை. படகின் முன்னாலும் பின்னாலும் நேராகவே இறக்கை. பெயர்? ‘ஆட்டோநாட்’! லிண்டனின் படகுக்கு இருந்த அதே பெயர்.

மின்சாரமாக்கி ஓட்டினால் என்ன?

நல்ல கேள்வி. அலையிலிருந்து மின்சாரம் எடுப்பது நமக்குப் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் 1991லேயே 150 கிலோவாட் அலை மின்நிலையம் கட்டிக் காட்டியவர்கள். அலை ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்க, உள்ளே இருக்கும் காற்று டர்பைனைச் சுற்றும். ஆனால் கப்பலில் இதை வைத்தால் பாருங்கள்: அலை காற்றை அழுத்த வேண்டும், காற்று டர்பைனைச் சுற்ற வேண்டும், அது ஜெனரேட்டரைச் சுற்ற வேண்டும், பிறகு பேட்டரி, பிறகு மோட்டார், பிறகு புரொபெல்லர். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கமிஷன் போய்விடும். இறக்கைக்கு இடைத்தரகரே கிடையாது. அலை தூக்கியது, படகு நகர்ந்தது, தீர்ந்தது கணக்கு.

பெரிய கப்பலுக்கு உதவுமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 400 மீட்டர் நீளச் சரக்குக் கப்பலுக்கு, முன்பு சொன்ன 10 விநாடி அலை ஒரு பொருட்டே அல்ல. அந்த அலையின் நீளம் 156 மீட்டர். ஒரே நேரத்தில் இரண்டரை அலைகளின் மேல் படுத்திருக்கும் கப்பலின் அணியம் எங்கே ஏறும், எங்கே இறங்கும்? அணியம் ஆடாவிட்டால் இறக்கைக்கு வேலை குறைவு. போதாததற்கு, கடல் அமைதியாக இருக்கும்போது இறக்கை வெறும் பாரம். தண்ணீரை இழுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். ‘நாளைக்கே உலகக் கப்பல்கள் எல்லாம் அலையில் ஓடும்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள்.

நடுத்தரக் கப்பல்கள் வேறு கதை. ஒரு கப்பலுக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்கும்போதே, அலையும் காற்றும் தடுக்குமே என்று கணக்குக்கு மேல் சுமார் 15 சதவீதம் கூடுதல் பலம் வைப்பது வழக்கம். தடுக்கிற அலையையே கொஞ்சம் உதவ வைத்தால்? நார்வேயில் 1980களிலேயே மீன்பிடிக் கப்பலின் அணியத்தில் இறக்கை கட்டிப் பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் பெரும்புயலில் இறக்கையை என்ன செய்வது, துறைமுகத்துக்குள் எப்படி நுழைவது என்ற தொல்லைகள் தீரவில்லை. அதே நார்வேயின் டிரான்ட்ஹைம் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய ‘வேவ்ஃபாயில்’ என்ற நிறுவனம் அதற்கும் வழி கண்டது. வேண்டும்போது அணியத்திலிருந்து வெளியே வரும், வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளும் இறக்கை! அந்த ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய ஐரிக் பொக்மன் இதன் பின்னால் இருந்த மூளை. 5 முதல் 15 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் கிட்டத்தட்ட 3 சதவீதம் கப்பல்களிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. இன்னொரு போனஸும் உண்டு. இறக்கை அலையைத் தின்பதால் கப்பலின் ஆட்டமும் குறையும்; வாந்தி எடுக்கும் பயணிகள் குறைவார்கள்!

முதல் கப்பல் எது தெரியுமா? பிரிட்டனுக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கிடக்கும் ஃபாரோ தீவுகளின் ‘டெய்ஸ்டின்’ என்ற ஃபெர்ரி. நீளம் 45 மீட்டர். வட அட்லாண்டிக்கின் முரட்டு அலைகளுக்கு நடுவே சாண்டோய் தீவுக்குக் காரும் ஆளும் ஏற்றிப் போய்வந்த கப்பல். 2019இல் அதன் அணியத்தில் இறக்கையைப் பொருத்தினார்கள். உலகத்திலேயே இந்த ரக இறக்கை பூட்டிய முதல் ஃபெர்ரி என்று பேர் வாங்கி நாலு வருஷம் ஓடியது. அப்புறம் ஃபாரோக்காரர்கள் சாண்டோய்க்குக் கடலுக்கடியில் 10.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை குடைந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் அது திறந்ததும் அந்தத் தடத்தில் ஃபெர்ரி தேவைப்படவில்லை. மேலே அலை அடித்துக்கொண்டிருக்க, ஜனங்கள் அடியில் காரில் போகிறார்கள்!